ஆமியில் இருந்தவர்களுக்கு உதவ எந்தச் சங்கத்தை நம்புவது?

அப்புத்தளையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ஆமியில் சமையல் பிரிவில் 22 வருடம் இருந்தவர். கடைசிக் காலத்தைத் தியத்தலாவையில் கழித்து ஓய்வுபெற்றார், போன வருடம் தவறிவிட்டார். திவசத்துக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடும் செலவில் பாதியை, அப்பாவைப் போல ஆமியில் இருந்து இப்போது கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று லண்டனில் இருக்கும் அண்ணன் சொல்லியிருக்கிறார். விஷயம் வாய்வழியாகப் பரவி, இரண்டு சங்கத்தார் வீடு தேடி வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் சக்கர நாற்காலி கொடுக்கும் படங்கள் ஒட்டிய ஆல்பம். மற்றவர் கையில் கொடியும் துப்பாக்கியும் அச்சடித்த கடிதத் தலைப்பு. "இதில் யாரை நம்புவது ஐயா? இல்லை, வேறு நல்ல அமைப்பு இருக்கிறதா?" என்பது கேள்வி.

மகள், இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். கேள்வி கேளுங்கள். நான் பதுளையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். மரண உதவிச் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, முதியோர் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் என்று சின்னச் சின்ன அமைப்புகளின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியே கண்ணாடி தடித்துப் போனது. அந்த அனுபவத்தில் ஒன்று தெரியும். கோயில் கணக்கில் நூறு ரூபாய் இடித்தால் ஊரே கேட்கும். போரில் கால் இழந்தவனுக்கு என்று சேர்த்த காசில் ஒரு இலட்சம் இடித்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் அந்த மனிதனையே அவமதித்த மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு கூச்சம். ஏமாற்றுகிறவர்கள் பிழைப்பது அந்தக் கூச்சத்தில்தான்.

எந்தச் சங்கம் என்று பார்க்கும் முன், யாருக்கு, எந்தக் குறைக்கு என்று முடிவு செய்யுங்கள். நம் நாட்டில் 22 வருட சேவை முடித்த சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு. உங்கள் அப்பாவுக்கும் வந்திருக்கும், இப்போது அம்மாவுக்கு விதவைகள் ஓய்வூதியம் வரவேண்டும் (அது சரியாக வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்). படைவீரர் நலனுக்கென்றே 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகார சபை இருக்கிறது (ரணவிரு என்றால் சிங்களத்தில் போர்வீரர்). ராகமையில் ரணவிரு செவன புனர்வாழ்வு மருத்துவமனை, அநுராதபுரத்திலும் கம்புறுப்பிட்டியிலும் பாங்கொல்லையிலும் நிரந்தரக் காயத்தோடு இருப்பவர்களுக்கான அபிமன்சல விடுதிகள் எல்லாம் அரசும் படையும் நடத்துபவை. ஆகவே "ஆமிக்காரர் எல்லாரும் பட்டினி கிடக்கிறார்கள், அரசாங்கம் ஒன்றுமே செய்வதில்லை" என்று ஒரு சங்கத்தார் பேச்சைத் தொடங்கினால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அதற்காக ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை. காயப்பட்டு விலகுகிறவருக்கும் ஓய்வூதியம் கிடைக்க 12 வருட சேவையாவது வேண்டியிருந்தது. அது நிறைவதற்கு முன்னே விலகியவர்கள் ஓய்வூதியம் கேட்டு 2017இல் கொழும்புக் கோட்டையில் வீதியில் உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். கடைசிவரை சேவை செய்தும் குடியால், கடனால், மன உளைச்சலால் சரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியம் வந்தாலும் காதில் இரைச்சல், முதுகில் இரும்புத்துண்டு, மாதம் ஒரு தடவை கண்டிக்கோ பதுளைக்கோ கிளினிக் போக வேன் காசு என்று அழிகிறவர்கள் இருக்கிறார்கள். மகன் இறந்து, மருமகள் மறுமணம் செய்து போனபின் தனியாக நிற்கும் தாய்மார் இருக்கிறார்கள். நல்ல சங்கம் என்றால் இந்த ஓட்டைகளில் எதை அடைக்கிறோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். "எல்லா உதவியும் செய்கிறோம்" என்பது பதில் இல்லை.

மலையகத் தமிழருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக நின்றார்கள். அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போனது. குடியுரிமையே இல்லாதவன் அரசாங்க வேலைக்கோ படைக்கோ எப்படிப் போவான்? ஆகவே உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் நம் பக்கத்தில் கொஞ்சப் பேர்தான், அங்கொன்றும் இங்கொன்றுமாக. தெற்கில் ஒரு கிராமத்தில் பத்து வீட்டுக்கு ஒரு ஆமிக்காரர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே ஒரு வலை இருக்கும், யார் உண்மை யார் பொய் என்று ஊருக்குத் தெரியும். இங்கே அது இல்லை. "உங்கள் மாவட்டத்தில் 200 தமிழ்ப் படைவீரர் குடும்பங்களைப் பராமரிக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், அதில் ஐந்து பேரின் ஊர்ப் பெயரையாவது சொல்லச் சொல்லுங்கள்.

அதேபோல, இரண்டாம் உலகப் போரில் சேவை செய்தவர்களுக்கு என்று காசு கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போர் முடிந்தது 1945இல். அன்றைக்கு 18 வயதுப் பையன் என்றாலும் இன்று நூறை நெருங்கியிருக்க வேண்டும். அப்படி உயிரோடிருப்பவர்களையும் அவர்களின் விதவைகளையும் கவனிக்க 1921இல் தொடங்கிய பொதுநலவாய முன்னாள் படைவீரர் லீக் லண்டனிலிருந்து இயங்குகிறது. இங்கே இலங்கை முன்னாள் படைவீரர் சங்கம் அதோடு இணைந்தது. போரில் இறந்தவர்களின் நினைவாக நவம்பரில் பொப்பிப் பூ விற்பது அந்தச் சங்கம்தான். சந்திச் சந்தியில் பெட்டி குலுக்குகிற புதுச் சங்கத்துக்கு அந்த முதியவர்களின் பட்டியல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பதில் தப்பே இல்லை.

பொப்பி என்றதும் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. காசு எங்கே போகிறது என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை என்று காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முதல் உலகப் போருக்குப் பிறகு வருடாவருடம் நவம்பர் 11ஆம் திகதி இலங்கையிலும் பொப்பிப் பூ விற்றார்கள். சேரும் காசில் பெரும்பங்கு பிரித்தானியாவின் முன்னாள் படைவீரர்களுக்கே போனது. அதே போரில் நின்ற இலங்கைக்காரருக்குக் கிடைத்தது மிச்சம் மீதிதான். இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஏலியன் பெரேரா இதை எதிர்த்து, 1931இல் அதே நாளில் சூரிய மல் விற்க ஆரம்பித்தார். சூரிய மல் வேறொன்றுமில்லை, நம் ஊர் பூவரசம்பூ. அந்தக் காசு இந்த நாட்டு முன்னாள் வீரர்களுக்கு. 1933இல் தென்கொழும்பு இளைஞர் லீக் அதைக் கையிலெடுத்து, டொரீன் விக்கிரமசிங்க போன்றவர்கள் முன்னே நிற்க, பெரிய அரசியல் இயக்கமாக்கியது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அந்த இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பக்கம் மருந்தும் உணவும் கொண்டு திரிந்தார்கள். பொப்பி விற்றவர்கள் திருடர்கள் இல்லை, வாங்கியவர்களும் முட்டாள்கள் இல்லை. காசு எந்த ஊர்க் கைக்குப் போய்ச் சேருகிறது என்று ஒருவரும் கேட்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்த ஆல்பத்துக்கு வருவோம்.

நானே ஒரு நலன்புரிச் சங்கத்தில் சில வருடம் பொருளாளராக இருந்தேன். பெயர் வேண்டாம், அது இப்போது கலைந்துவிட்டது. கண்ணிவெடியில் வலது கால் போன ஒருவருக்கு நாங்கள் சக்கர நாற்காலி கொடுத்தோம். நகர மண்டபத்தில் மேடை, மாலை, படம், எல்லாம் முறைப்படி. ஆறு மாதம் கழித்து ஒரு கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். வீதியிலிருந்து லயத்துக்கு ஏற 23 கருங்கல் படி, பாதிப் படியில் பாசி. மேலே இஸ்தோப்பில் எங்கள் நாற்காலி நின்றது. அதன்மேல் விறகு அடுக்கி, மழைச் சாரல் படாமல் உரச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். மனிதர் ஊன்றுகோலில் தாவித் தாவி வந்தார். ஊன்றுகோலின் அடியில் இருக்க வேண்டிய இறப்பர்க் குமிழ் தேய்ந்து போய், குழாய் நேரே கல்லில் பட்டுக் கிறீச்சிட்டது. "நாற்காலி நல்ல நாற்காலிங்க ஐயா, குறை சொல்லல. கீழ இறக்குறதுக்கு ரெண்டு ஆள் வேணும். இந்த இறப்பர் மட்டும் ஒரு நாலு ஜோடி வாங்கித் தந்தீங்கன்னா போதும்" என்றார். நாங்கள் செலவழித்தது பல ஆயிரம். அவர் கேட்ட பொருளின் விலை, நாங்கள் மேடைக்குக் கட்டிய தோரணத்தின் விலைகூட இல்லை. அன்றைக்கு ஊன்றுகோலைப் பிடித்துப் பார்த்தபோது வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆல்பக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் படத்தில் இருப்பவர் வீட்டுக்குப் பிறகு எப்போது போனீர்கள்? மலைநாட்டில் உதவி என்றால் மேடை வரை கொண்டுவருவது சுலபம், மேட்டு லயம் வரை கொண்டுபோவதுதான் கஷ்டம். செயற்கைக் கால் கொடுத்தால் அது நிரந்தரமில்லை. ஈரமும் ஏற்றமும் சேர்ந்து அதைச் சீக்கிரம் தேய்க்கும், கால்முனை மெலிந்தால் அது பொருந்தி நிற்கும் கிண்ணம் தளர்ந்து புண்ணாகும், சில வருடத்தில் மாற்றவும் வேண்டும். ஒரு தடவை கொடுத்துவிட்டுப் படம் பிடித்தவர்களைவிட, திரும்பத் திரும்ப அளவெடுத்துச் சரிசெய்து தருபவர்களுக்குக் கொடுப்பது பத்து மடங்கு மேல். கொழும்பில் 1831இல் தொடங்கிய ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி 1985 முதல் ஜெய்ப்பூர்க் கால் செய்து கொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. குந்தி உட்காரவும் வெறுங்காலோடு நடக்கவும் ஏற்றதாக இந்தியாவில் உருவான கால் அது. நம் படிக்கட்டுக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் பொருந்தும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழர் வீட்டில் ஆமி என்ற சொல் எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழாது. உங்கள் அண்ணனின் எண்ணத்தைக் கேட்டு முகம் சுளிக்கும் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். உங்கள் அப்பா உங்கள் அப்பாதான், அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மனசுக்கு ஒரு நெருடல் இருந்தால், கால் போனவன் எந்தப் பக்கம் நின்றான் என்று கேட்காமல் கால் செய்து கொடுக்கிற இப்படியான இடங்கள் உங்கள் வீட்டுக்கு ஏற்றவை. என் சொந்தச் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

அடுத்தது கடிதத் தலைப்பு. கொடியும் துப்பாக்கியும் அச்சகத்தில் யாருக்கும் அடித்துக் கொடுப்பார்கள். பார்க்க வேண்டியது பதிவு இலக்கம், அது எந்தச் சட்டத்தின் கீழ் என்பதும். தொண்டு நிறுவனங்கள் பல 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிந்திருக்கும். சில 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக இருக்கும். சிலவற்றைப் பாராளுமன்றமே தனிச் சட்டம் போட்டுக் கூட்டிணைத்திருக்கும். ஊர்ச் சங்கம் என்றால் பிரதேச செயலகத்தில் பதிவு இருக்கலாம். இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ மாவட்டச் செயலகத்திலோ நேரே கேளுங்கள். பதிவு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசியாகக் கணக்கறிக்கை கொடுத்தது எந்த வருடம் என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் ஆள் நல்லவன் என்று ஆகிவிடாது. பதிவும் அப்படித்தான்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசு அலுவலகங்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி வாங்கி மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனமும் அதற்குள் வரும். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருகிறோமா மறுக்கிறோமா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ரணவிரு சேவா அதிகார சபை போன்ற அரச அமைப்புகளுக்கு இது நேரடியாகவே பொருந்தும், அவற்றின் கணக்கைத் தேசியக் கணக்காய்வு அலுவலகமும் பார்க்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த சின்னச் சங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாமல் போகலாம். அவர்களிடம் சட்டம் பேச வேண்டாம், கணக்கைக் கேட்டாலே போதும்.

கணக்கை எப்படிப் பார்ப்பது? இது என் தொழில், கொஞ்சம் நீட்டுகிறேன். கடைசி இரண்டு வருடக் கணக்கையும் சேர்த்து வாங்குங்கள். ஒரு வருடம் மட்டும் தந்தால் போதாது. போன வருடக் கடைசி மீதி இந்த வருட ஆரம்ப மீதியாக அப்படியே வந்திருக்கிறதா பாருங்கள். நம்ப மாட்டீர்கள், பாதிப் பொய்க் கணக்கு இந்த ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். பொய் எழுதுகிறவர் வருடத்துக்கு வருடம் புதிதாகத் தொடங்குவார், பழையதைத் திருப்பிப் பார்க்கச் சோம்பல். அப்புறம் "இதர செலவு" என்ற வரி. எல்லாக் கணக்கிலும் அது இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதுவே பட்டியலில் பெரிய தொகையாக இருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிடலாம். "நிவாரணம் வழங்கல்" என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால், எத்தனை பேருக்கு, ஆளுக்கு எவ்வளவு, கையெழுத்துப் பட்டியல் எங்கே என்று கேளுங்கள். உண்மையான சங்கத்தில் அந்தப் பட்டியல் எண்ணெய்க் கறையோடும் பெருவிரல் அடையாளத்தோடும் கசங்கி இருக்கும். எல்லாக் கையெழுத்தும் ஒரே நீலப் பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. கணக்காய்வாளர் முத்திரை இருக்கும், அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு "இதில் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களா?" என்று கேளுங்கள். என் அலுவலகத்தின் முத்திரையையே ஒருவர் செய்து வைத்திருந்தார். அவ்வளவு வருடத்தில் அதைப் போன் போட்டுக் கேட்டது ஒரே ஒரு டீச்சர்.

நிர்வாகச் செலவு எத்தனை வீதம் என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்க வேண்டியதுதான். அமெரிக்காவில் ஹெல்ப் த வெட்ஸ் என்று ஒரு அமைப்பு இருந்தது (வெட்ஸ், வெட்டரன்ஸ் என்றால் முன்னாள் படைவீரர்). நூறு டொலர் வாங்கினால் அதில் 95 டொலர் போல நிதி திரட்டவும் நிர்வாகத்துக்கும் நடத்தியவருக்குமே போனதாக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 2018இல் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. அதே வருடம் எல்லா மாநிலங்களோடும் சேர்ந்து போலிப் படைவீரர் நிதிகளுக்கு எதிராக நூற்றுக்கும் மேற்பட்ட நடவடிக்கைகளை அறிவித்தார்கள். இதில் நமக்குப் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அமைப்பு தன்னை அமெரிக்கன் டிசேபிள்ட் வெட்டரன்ஸ் ஃபவுண்டேஷன் என்றும் அழைத்துக்கொண்டது. உண்மையில் 1920இலிருந்து இருக்கும் பெரிய அமைப்பின் பெயர் டிசேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ். இரண்டு சொல்லை இடம் மாற்றினால் போதும், போனில் கேட்கிற கிழவிக்கு வித்தியாசம் தெரியாது. இங்கேயும் ரணவிரு என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் எதையாவது ஒட்டினால் அரசாங்கச் சபை மாதிரியே ஒலிக்கும். ஆகவே பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதி வாங்குங்கள், காதால் கேட்டதை நம்பாதீர்கள்.

அதே நாட்டில் நேவி வெட்டரன்ஸ், அதாவது முன்னாள் கடற்படையினர் பெயரில் கோடிக்கணக்கில் சுருட்டிய ஒருவர் 2013இல் தண்டிக்கப்பட்டார். அவர் சொன்ன தன் பெயரே பொய். சங்கத்தின் நிர்வாகக் குழு என்று காட்டியவர்களில் பெரும்பாலோர் பிறக்காத மனிதர்கள். நிர்வாகக் குழுப் பட்டியலில் இருந்து இரண்டு பேரைத் தேர்ந்து நேரே பேசுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் அதுதான். தலைவரிடம் வேண்டாம், அவர் பேசப் பழகியவர். உபசெயலாளர், குழு உறுப்பினர் மாதிரி ஒரு ஓரத்து ஆளைப் பிடியுங்கள். "கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது? என்ன தீர்மானம்?" இது போதும்.

வீதத்தைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்று. "எங்களுக்கு நிர்வாகச் செலவே இல்லை, ஒரு சதம்கூட விடாமல் போய்ச் சேரும்" என்று மார்தட்டுகிறவரை நான் 30 வீதம் செலவு காட்டுகிறவரைவிட அதிகம் சந்தேகப்படுவேன். நுவரெலியாவிலிருந்து வலப்பனைக்குப் போய் வர யாரோ பஸ் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவு கணக்கில் இல்லையென்றால் வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது, அல்லது யாருமே போகவில்லை.

லண்டன் அண்ணனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே பதிந்த தொண்டு நிறுவனம் மூலம் கொடுத்தால், அவர் வரி கட்டுகிறவராக இருக்கும் பட்சத்தில், கிஃப்ட் எய்ட் என்று ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். நேரே இங்கத்தைய சங்கத்துக்கு அனுப்பினால் அது கிடைக்காது. ஆனால் அந்த 25 பென்ஸ் ஆசையில் முன்பின் தெரியாத அமைப்பைப் பிடிக்கவும் கூடாது. இங்கிலாந்தின் தொண்டு ஆணைக்குழுப் பதிவேட்டில் எந்த அமைப்பின் பெயரையும் போட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை. நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும், பிந்தியிருந்தால் அதிலேயே தெரியும். "இலங்கையில் உங்கள் சார்பாக யார் கொடுக்கிறார்கள்?" என்று அவர் கேட்டு, வரும் பெயரை நீங்கள் இங்கே விசாரியுங்கள். இரண்டு முனையும் இரண்டு கையில் இருந்தால் கயிறு அறாது. நீங்கள் இங்கே சம்பளத்திலிருந்து கொடுத்து வரிச் சலுகை எதிர்பார்த்தால், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனம் என்று வர்த்தமானியில் வந்திருக்க வேண்டும். தனியாளுக்கு வருடம் 75,000 ரூபாய்தான் உச்சவரம்பு, அதிலும் வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது. அதற்காக மண்டையை உடைக்கும் அளவுக்கு லாபமில்லை.

காசு கொடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும். செயலாளரின் சொந்தக் கணக்குக்கோ கைபேசி இலக்கத்துக்கோ வேண்டாம். அந்தக் கணக்கில் காசு எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமா என்று கேளுங்கள். இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, அடிக்கட்டையோடு. "இன்றைக்கே தந்தால்தான், நாளைக்கு ஆபரேஷன்" என்று அவசரப்படுத்தினால் ஆஸ்பத்திரியின் பெயரையும் வார்டு இலக்கத்தையும் கேளுங்கள். ஆமித் தொப்பி போட்டு பஸ்ஸில் ஏறி உதவி டிக்கெட் விற்பவருக்கு மனசு கேட்டால் இருபது ரூபாய் கொடுங்கள். அது தானம், அவ்வளவுதான், அதைத் திவசக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி உங்கள் நிலைமைக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்டால்: தொகை பெரிதில்லை, ஆட்களும் தூரத்தில் இல்லை. முழுவதையும் ஒரு சங்கத்துக்குக் கொடுக்க மாட்டேன். பாதியைக் கால் செய்து கொடுக்கும் பழைய அமைப்பு ஒன்றுக்கு, கணக்கறிக்கை வாங்கிப் பார்த்துவிட்டு அனுப்புவேன். மீதிப் பாதிக்கு அப்பாவின் பழைய டைரியைத் தேடுவேன். ஆமியில் இருந்தவர்கள் கூட இருந்தவன் பெயரையும் படை இலக்கத்தையும் எழுதி வைக்காமல் இருக்க மாட்டார்கள். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து போன "முகாம் ஆட்கள்" யார் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர்களில் யாருக்கு என்ன தேவை என்று விசாரித்து, கிராம சேவகரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பொருளாகவோ கிளினிக் வேன் காசாகவோ நேரே கொடுங்கள். கொழும்புச் சங்கம் எதுவும் உங்கள் அம்மா அளவுக்கு அந்தப் பட்டியலைச் சரியாக வைத்திருக்காது.

வீட்டுக்கு வந்த இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டுமே. மரியாதையாகத் தேநீர் கொடுத்து, "இரண்டு வருடக் கணக்கறிக்கையும், உதவி பெற்றவர்களில் இந்தப் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் விலாசமும் தாருங்கள், அவர் சம்மதித்தால் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். விலாசம் தந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரம் பார்த்து நீங்களே போங்கள். போகும்போது ஒரு ஜோடி ஊன்றுகோல் இறப்பர் வாங்கிக்கொண்டு போங்கள். மருந்துக்கடையிலேயே கிடைக்கும், குழாயின் அளவு மட்டும் முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.